கோல்ஃப் புல்லுக்கு ஒரு நாளைக்கு 15 லட்சம் லிட்டர்... நம்ம ஊர் குடத்துக்கு எவ்வளவு?



பதிவு கொஞ்சம் நீளம். ஆனா முழுசா படிங்க. படிச்சுட்டு உங்க ஊர் குரூப்புக்கு அனுப்புங்க. ஏன்னா இந்த விஷயம் உங்க ஊருக்கு வரும்போது உங்ககிட்ட யாரும் கேட்கப் போறதில்ல. கேட்க வேண்டாம்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

"கோல்ஃப் வியூ வில்லா", "கோல்ஃப் டவுன்ஷிப்", "18 ஹோல் சாம்பியன்ஷிப் கோர்ஸ்". விளம்பரம் பார்த்திருப்பீங்க. கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் பச்சைப் புல், நடுவுல ஒரு குளம், ஓரத்துல ஓடு போட்ட வீடு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா உடனே வர்ற பதில்: "கெமிக்கல் ஃபேக்டரியா கட்டுறாங்க? புல்லுதானே வளர்க்குறாங்க. பச்சையா இருந்தா ஊருக்கு நல்லதுதானே?"

பச்சையா இருக்கிறதெல்லாம் பசுமை இல்ல தோழர்களே. பாசி பிடிச்ச கிணறும் பச்சையாத்தான் இருக்கும்.

இதை எழுதுறவன் சிவில் இன்ஜினியரிங் முடிச்சவன். அதனால கோஷத்தை விட்டுட்டு முதல்ல கணக்குப் போடுவோம். எல்லாம் பத்தாம் வகுப்புப் பெருக்கல்தான். கால்குலேட்டர் எடுத்து நீங்களே சரிபாருங்க.

👉 கணக்கு 1: புல்லுக்கு எவ்வளவு தண்ணி?

18 ஹோல் கோர்ஸ்னா மொத்தமா 120-ல இருந்து 150 ஏக்கர் வரைக்கும் நிலம் பிடிக்கும். அதுல தினமும் தண்ணி காட்ட வேண்டிய புல்தரை சுமார் 30 ஹெக்டேர்னு வச்சுக்குவோம். நம்ம வெயிலுக்குப் புல்லு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணியை ஆவியா விடும். ஏப்ரல், மே மாசத்துல இதை விட அதிகம். இருந்தாலும் 5-ன்னே எடுத்துக்குவோம். யாரும் நம்மள மிகைப்படுத்துறாங்கன்னு சொல்லக் கூடாது.

30 ஹெக்டேர்னா 3 லட்சம் சதுர மீட்டர். அதை 5 மில்லிமீட்டரால பெருக்குனா 1,500 கன மீட்டர். அதாவது 15 லட்சம் லிட்டர். ஒரே ஒரு நாளைக்கு!

12,000 லிட்டர் டேங்கர் லாரியில சொன்னா 125 லாரி.

ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு அளவு வச்சிருக்காங்க. அந்தக் கணக்குல 15 லட்சம் லிட்டர் தண்ணியை 27,000 பேருக்குக் குடுக்கலாம். ஒரு சின்ன டவுன் மொத்தமும் குடிச்சு, சமைச்சு, குளிக்கிற தண்ணி அது.

இன்னொரு கணக்கும் ஞாபகம் இருக்கட்டும். 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி வத்திப்போச்சு. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க. ஒரு ரயிலுக்கு 50 டேங்கர் வேகன். மொத்தம் 25 லட்சம் லிட்டர். இந்தியா முழுக்க டிவில லைவ் போட்டாங்க. அந்த ஒரு ரயில் தண்ணியில பாதிக்கு மேல, ஒரு கோல்ஃப் கோர்ஸ் புல்லு ஒரே நாள்ல குடிச்சு முடிச்சிரும். மறுநாள் காலையில திரும்பவும் கேட்கும்.

மழை நாளைக் கழிச்சு, வருஷத்துல 200 நாள் மட்டும் தண்ணி பாய்ச்சுனாலும் 30 கோடி லிட்டர்.

👉 கணக்கு 2: "நாங்க சுத்திகரிச்ச கழிவுநீரைத்தான் பயன்படுத்துவோம்"

இது எல்லா திட்ட அறிக்கையிலும் வர்ற மந்திரம். கேட்க நல்லா இருக்கும். கமிட்டியில உட்கார்ந்திருக்கிறவங்களும் தலையாட்டிருவாங்க. நாம தலையாட்ட வேண்டாம். கணக்குப் போடுவோம்.

டவுன்ஷிப்ல 1,000 வீடு. வீட்டுக்கு 5 பேர். மொத்தம் 5,000 பேர். ஆளுக்கு 135 லிட்டர்னு நகரக் கணக்கு. அதுல 80 சதவீதம் சாக்கடைக்குப் போகும். ஆக 5,000 x 135 x 0.8 = 5 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர்.

புல்லுக்கு வேண்டியது 15 லட்சம். கையில இருக்கிறது 5.4 லட்சம். மீதி 9.6 லட்சம் லிட்டர் எங்கிருந்து வரும்? அந்த இடத்துல அறிக்கை மௌனமாயிரும். பதில் நமக்குத் தெரியும். போர்வெல்.

அதோட முடியல. வீட்டுல இருக்கிற 5,000 பேருக்கு வேண்டிய 6.75 லட்சம் லிட்டர் எங்கிருந்து வருது? குழாய் இணைப்பு இல்லாத ஊர்ல அதுவும் போர்வெல்தான். ரெண்டையும் கூட்டுனா ஒரு நாளைக்கு 16 லட்சம் லிட்டருக்கு மேல பூமிக்குள்ள இருந்து உறிஞ்சணும். அதாவது கழிவுநீர் ஒரு சொட்டு விடாம திரும்பப் பயன்படுத்தின பிறகும் இந்த நிலை.

இதுல ரெண்டு தில்லாலங்கடி வேற இருக்கு.

முதலாவது, அதே சுத்திகரிச்ச தண்ணியைக் கழிவறை ஃப்ளஷ்ஷுக்கும் ஒரு பக்கத்துல எழுதியிருப்பாங்க, புல்லுக்கும் இன்னொரு பக்கத்துல எழுதியிருப்பாங்க. ஒரே தண்ணிக்கு ரெண்டு ரசீது. ஃப்ளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர் கழிச்சா புல்லுக்கு மிஞ்சுறது 3 லட்சம் சொச்சம்தான்.

ரெண்டாவது, இந்த வில்லாக்கள்ல நிறைய வீடு வார இறுதிக்கு வந்து போற வீடு. பாதி வீடு பூட்டியிருந்தா கழிவுநீரும் பாதிதான் வரும். ஆனா புல்லுக்குச் சனி, ஞாயிறு தெரியாது. அதுக்குத் தினமும் அதே 15 லட்சம் வேணும்.

மழைக்காலத்துல கதை தலைகீழ். நவம்பர்ல புல்லுக்குத் தண்ணி வேண்டாம். ஆனா கழிவுநீர் தினமும் வந்துகிட்டுத்தான் இருக்கும். தேக்கி வைக்க இடம் இல்லன்னா எங்க போகும்? பக்கத்து ஓடைக்கு. ஓடையில இருந்து ஏரிக்கு. கோடையில ஊர் தண்ணியை எடுக்குறாங்க, மழையில கழிவை ஊருக்கு விடுறாங்க. ரெண்டு பக்கமும் நமக்குத்தான் அடி.

அதனால வருஷ சராசரின்னு ஒரு அட்டவணை காட்டினா நம்பாதீங்க. மாச வாரியா கேளுங்க. சராசரிக் கணக்குல எல்லாத் திட்டமும் பாஸ் ஆயிரும். மே மாசத்துலயும் நவம்பர்லயும்தான் சாயம் வெளுக்கும்.

👉 கணக்கு 3: கீழ இருக்கிற தண்ணி யாருடையது?

தமிழ்நாட்டு நிலப்பரப்புல நாலுல மூணு பங்குக்குக் கிட்ட கெட்டிப் பாறை. மணல்ல தேங்குற மாதிரி பாறையில தண்ணி தேங்காது. வெடிப்புக்குள்ளதான் நிக்கும். ஒரே வெடிப்பு நாலு பேர் நிலத்துக்குக் கீழ போகும். அங்க ஒருத்தன் 800 அடி போர்வெல் போட்டு ராத்திரி பகலா இழுத்தா, பக்கத்து விவசாயியோட 60 அடிக் கிணறு காத்து வாங்கும். வேலி போட்டு நிலத்தைப் பிரிக்கலாம். தண்ணியைப் பிரிக்க முடியாது.

கடற்கரை ஓரம் இன்னும் மோசம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மணலுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணி, உப்புத் தண்ணி மேல மிதக்குற மாதிரி நிக்குது. ஹைட்ராலஜி பாடத்துல வர்ற விதி: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 1 அடி இறங்குனா, கீழ இருந்து உப்பு சுமார் 40 அடி மேல ஏறும். உப்பு ஏறின கிணறு திரும்ப நல்லாகுறதுக்கு எத்தனை மழைக்காலம் ஆகும்னு மீஞ்சூர் பக்கம் கேட்டுப் பாருங்க. சென்னைக் குடிநீருக்காக அங்க அளவுக்கு மேல இறைச்சதோட விலையை அந்த மக்கள் இன்னும் குடுத்துகிட்டு இருக்காங்க.

2017 மதிப்பீட்டுல தமிழ்நாட்டோட 1,166 பிர்காவுல 462 பிர்கா அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டதுன்னு அரசாங்கமே சொல்லுச்சு. வரவை விடச் செலவு அதிகம்னு அர்த்தம். வங்கிக் கணக்குல இப்படி இருந்தா கடன் குடுக்க மாட்டாங்க. போர்வெல்லுக்கு மட்டும் குடுக்குறாங்க.

அரசுகள் என்ன பண்ணுச்சு? 2003-ல தமிழ்நாட்டு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் வந்துச்சு. பத்து வருஷம் அதை ஒழுங்கா நடைமுறைப்படுத்தாமலே வச்சிருந்து, 2013-ல ரத்து பண்ணிட்டாங்க. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987-ல போட்ட தனிச் சட்டம் இருக்கு. மத்த மாவட்டத்து ஜனங்க தண்ணி மட்டும் இளக்காரமா? கொண்டு வந்தவங்களும் அவங்கதான், ரத்து பண்ணவங்களும் அவங்கதான். அதுக்கு அப்புறம் வந்தவங்க மட்டும் என்ன கிழிச்சாங்கன்னும் நாம கேட்கணும். இதுல ஒரு கட்சிக்கு மட்டும் பாஸ் மார்க் குடுக்க முடியாது.

👉 தண்ணி மட்டுமில்ல, கழிவும்

கோல்ஃப் புல் சும்மா வளராது. கம்பளம் மாதிரி ஒரே மட்டத்துல, ஒரே நிறத்துல, ஒரு களை இல்லாம இருக்கணும். அதுக்கு உரம், களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி எல்லாம் வேணும்.

ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 200 கிலோ நைட்ரஜன்னு வச்சுப் பார்த்தா 30 ஹெக்டேருக்கு 6 டன். யூரியாவாச் சொன்னா 13 டன். அதுல பத்துல ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குக் கீழ இறங்கிட்டுதுன்னு வையுங்க. 600 கிலோ நைட்ரஜன். நைட்ரேட்டா மாறினா 2,650 கிலோ. குடிநீர்ல நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. இதுல சலுகையே கிடையாது. அந்த 2,650 கிலோவுக்கு சுமார் 6 கோடி லிட்டர் சுத்தமான தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டு போற சக்தி இருக்கு. ஒவ்வொரு வருஷமும்!

நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாசம் கிடையாது. கொதிக்க வச்சா போகாது, இன்னும் அடர்த்தியாகும். அதிகமா குடிச்சா கைக்குழந்தை ரத்தத்துல ஆக்ஸிஜன் எடுத்துட்டுப் போற சக்தி குறைஞ்சு உடம்பு நீலம் பாரிக்கும். வில்லாக்காரர் கேன் தண்ணி வாங்குவார், ஆர்ஓ வைப்பார். பக்கத்து காலனியில அடி பம்புல அடிச்சுக் குடிக்கிற தாய் என்ன பண்ணுவாங்க?

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். குழி இருக்கிற இடத்தைச் சுத்தி 'கிரீன்'னு சொல்ற பகுதி இருக்கே, அதுக்கு அடியில ஒரு அடிக்கு மணல், அதுக்குக் கீழ ஜல்லி, அதுக்கும் கீழ ஓட்டை போட்ட குழாய். தண்ணி தேங்காம சட்டுன்னு வடியணும்னே கட்டுறது. பரப்பு சின்னதுதான். ஆனா மருந்து அதிகமா அடிக்கிற இடமும் அதுதான். குழாய் எங்க போய் முடியுதுன்னு வரைபடத்துல பாருங்க. பெரும்பாலும் அந்த 'அழகுக் குளத்துல' முடியும். குளம் நிரம்பினா ஓடை.

இது கற்பனை இல்ல. அமெரிக்காவுல புளோரிடா மாகாணத்துல கோல்ஃப் மைதானங்கள்ல ஆர்சனிக் கலந்த களைக்கொல்லியை வருஷக் கணக்கா அடிச்சு, மைதானத்து மண்ணுலயும் கீழ நிலத்தடி நீர்லயும் ஆர்சனிக் ஏறினதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பதிவு பண்ணியிருக்காங்க. அவ்வளவு ஆய்வகமும் கண்காணிப்பும் இருக்கிற நாட்டுலயே அந்த நிலைமை.

அப்புறம் குப்பை. தினமும் வெட்டுற புல், கிளப் ஹவுஸ் சமையலறைக் கழிவு, ஆயிரம் வீட்டுக் குப்பை, கட்டும்போது வர்ற இடிபாடு, மருந்து டப்பா, எஸ்டிபில சேர்ற சேறு. பெரிய வளாகங்கள் மக்குற குப்பையை உள்ளேயே கையாளணும்னு 2016-ல வந்த திடக்கழிவு விதிகள்லயே இருக்கு. நடைமுறையில? ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு டிராக்டர் வரும், ஊர் எல்லையில ஏரிக்கரையில கொட்டிட்டுப் போகும். எஸ்டிபி சேறு எங்க போகுதுன்னு எந்த அறிக்கையிலயாவது ஊர் பேர், சர்வே நம்பரோட எழுதியிருக்கா? "அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திடம் ஒப்படைக்கப்படும்". ஒரு வரி. அவ்வளவுதான்.

👉 இப்ப மெயின் மேட்டர்: ஏன் உங்ககிட்ட கேட்க மாட்டாங்க?

2006-ல ஒன்றிய அரசு கொண்டு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில எந்தெந்தத் திட்டத்துக்கு முன் அனுமதி வேணும்னு ஒரு அட்டவணை இருக்கு. சுரங்கம், அனல் மின் நிலையம், சிமெண்ட், துறைமுகம்னு வரிசையா இருக்கும். அதுல 'கோல்ஃப் மைதானம்'னு ஒரு வரி கிடையாது.

அப்ப எந்தக் கதவு வழியா உள்ள வருது? எட்டாம் எண். கட்டடம், டவுன்ஷிப். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டணும், இல்ல நிலம் 50 ஹெக்டேரைத் தொடணும். 50 ஹெக்டேர்னா 123 ஏக்கர் சொச்சம். 120 ஏக்கர்ல மைதானம் போட்டு, சின்னதா ஒரு கிளப் ஹவுஸ் கட்டினா? ரெண்டு வலையிலயும் சிக்காம நழுவலாம். 15 லட்சம் லிட்டர் குடிக்கிற புல்லுக்கு 'கட்டடப் பரப்பு' பூஜ்யம். கான்கிரீட்டை அளக்குற டேப்பு வச்சுத் தண்ணியை அளக்குறாங்க!

சரி, 50 ஹெக்டேருக்கு மேல போய் மாட்டிக்கிட்டாலும் என்ன நடக்கும்? அதே அறிவிக்கையில இந்த எட்டாம் எண் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புல இருந்து விலக்கு குடுத்திருக்காங்க. திரும்பப் படிங்க. ஒரு கல்குவாரி டவுன்ஷிப்பை விடச் சின்னதா இருந்தாலும் கலெக்டர் தலைமையில கூட்டம் போட்டு ஊர் ஜனங்க மைக் பிடிச்சுப் பேச வாய்ப்பு இருக்கலாம். 200 ஏக்கர் கோல்ஃப் டவுன்ஷிப்புக்கு அந்தக் கூட்டமே கிடையாது. கம்பெனி எழுதும், கம்பெனி காசு குடுத்து வச்ச ஆலோசகர் அறிக்கை குடுப்பார், கமிட்டி பார்க்கும், அனுமதி வரும். ஊருக்கு ஜேசிபி வரும்போதுதான் விஷயம் தெரியும்.

அந்த அறிக்கைக்கும் எடுக்குற அளவு என்னன்னு நினைக்கிறீங்க? மழைக்காலம் இல்லாத ஒரு பருவம். மூணு மாசம். மூணு மாசம் பார்த்துட்டு முப்பது வருஷத்துக்கு நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லன்னு சர்டிபிகேட். இதுவே அதிகம்னு 2020-ல புது வரைவு கொண்டு வந்து, கட்டி முடிச்சுட்டுப் பின்னாடி அனுமதி வாங்கிக்கலாம், மக்கள் கருத்து சொல்ல 30 நாளை 20 நாளாக்கலாம்னு பார்த்தாங்க. தமிழ்நாடு பொங்கி எழுந்தது ஞாபகம் இருக்கும்.

👉 "நீங்க வளர்ச்சிக்கு எதிரி!"

கமெண்ட்ல வரப் போற மூணு கேள்விக்கு இப்பவே பதில்.

ஒண்ணு: "நெல்லுக்கு இதை விட அதிகம் தண்ணி போகுதே, விவசாயியை நிறுத்துவீங்களா?" ஏக்கர் கணக்குல நெல்லு நிறைய தண்ணி குடிக்கும், உண்மைதான். ஆனா ஏரியில, ஆத்துல தண்ணி வர்ற பருவத்துல நடுறாங்க. வயல்ல நின்ன தண்ணியில ஒரு பங்கு கீழ இறங்கி அதே ஊர் கிணத்துக்கு வருது. தண்ணி இல்லாத கோடையில விவசாயி தரிசாப் போடுறார், கடன் வாங்குறார், கஷ்டப்படுறார். கோல்ஃப் புல்லு தரிசா கிடக்காது. கிணறு அடி மட்டத்துக்குப் போற மே மாசத்துலதான் அதுக்கு அதிகம் வேணும். அப்புறம் கடைசியில நெல்லு சோறாகுது. கோல்ஃப் புல்லை மாடு கூட மேய விட மாட்டாங்க.

ரெண்டு: "வேலை வரும்." ஸ்காட்லாந்துல அபெர்டீன் நகரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரை மணல்மேடு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். 2006-ல டொனால்ட் டிரம்ப் அங்க கோல்ஃப் ரிசார்ட் கட்டுறேன்னு வந்தார். நூறு கோடி பவுண்ட் முதலீடு, 6,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க. உள்ளூர் கமிட்டி 2007-ல வேண்டாம்னு நிராகரிச்சுது. மேல இருந்த ஸ்காட்லாந்து அரசு ஃபைலைத் தன் கைக்கு எடுத்து 2008-ல அனுமதி குடுத்துச்சு. வளர்ச்சி, வளர்ச்சின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. 2012-ல மைதானம் திறந்தாச்சு. வேலை, சொன்ன 6,000-க்குப் பக்கத்துல கூட வரல. 2020 டிசம்பர்ல, அந்த மணல்மேடு அதோட இயற்கைத் தன்மையை இழந்துருச்சுன்னு சொல்லி பாதுகாப்பு அந்தஸ்தையே எடுத்துட்டாங்க. போனது போனதுதான். இன்னைக்கு யார் பதில் சொல்றாங்க?

மூணு: "உலகத்துல எல்லா நாட்டுலயும் இருக்கே." எல்லா நாட்டுலயும் எதிர்ப்பும் இருக்கு. மெக்சிகோவுல தெபோஸ்த்லான்னு ஒரு சின்ன ஊர். 1995-ல அங்க கோல்ஃப் கிளப் திட்டம் வந்துச்சு. எங்க தண்ணி போயிரும்னு ஊரே திரண்டுச்சு. அனுமதி குடுத்த நகராட்சித் தலைமையையே வெளியேத்தினாங்க. 1996 ஏப்ரல்ல ஊர்வலம் போன மக்கள் மேல போலீஸ் தாக்குதல் நடத்தி ஒருத்தர் உயிர் போச்சு. அதுக்கு அப்புறம் கம்பெனி திட்டத்தைக் கைவிட்டது. சீனாவுல 2004-லயே புது கோல்ஃப் மைதானத்துக்குத் தடை போட்டாங்க. காரணம் தண்ணியும் நிலமும். தடையை மீறிக் கட்டினவங்க மேல நடவடிக்கை எடுத்து 2017 ஜனவரியில 111 மைதானத்தை மூடினதா அறிவிச்சாங்க. வளர்ச்சி தெரியாத நாடா சீனா?

👉 நம்ம சென்னையே சாட்சி

ரொம்ப தூரம் போக வேண்டாம். கிண்டி. நகரத்துக்கு நடுவுல சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1945-ல இருந்து 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 அணா! குதிரை ஓடுற பாதைக்கு நடுவுல கோல்ஃப். சுத்தி இருக்கிற வேளச்சேரி மக்கள் ஒவ்வொரு மழைக்கும் மாடியில ஏறி உட்கார்ந்தப்ப, அந்த நிலம் யாருக்காக இருந்துச்சு? 730 கோடி ரூபாய்க்கு மேல வாடகை பாக்கின்னு உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்தைக் கையில எடுத்தது. வெள்ளத்தைத் தாங்க அங்க குளம் வெட்டுற வேலையும் நடந்துச்சு. வழக்கு தனியா ஓடுது.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. 2015 வெள்ளம், 2019 வறட்சி, 2023 மிக்ஜாம் புயல், எல்லாம் பார்த்த பிறகு நகரத்துக்குள்ள கோல்ஃப் நிலத்துல குளம் வெட்டுறோம். அதே நேரத்துல நகரத்துக்கு வெளியே, ஏரி மாவட்டம்னு பேர் வாங்கின செங்கல்பட்டு மாதிரி ஊர்கள்ல, வரத்துக்கால்வாயை மட்டப்படுத்திப் புல்லு போட அனுமதிச்சா அது என்ன புத்தி? மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ஓடையைத் திருப்பி வச்சா ஏரிக்குத் தண்ணி எந்தப் பாதையில வரும்? கலங்கல் வழியா தண்ணி போகாத ஏரியைப் பத்து வருஷம் கழிச்சு "பயன்பாட்டில் இல்லை"ன்னு எழுதி, அதையும் பட்டா போட்டுருவாங்க. இந்தப் படத்தை நாம ஏற்கனவே பார்த்தாச்சு.

👉 நம்ம கோரிக்கை

1. கோல்ஃப் மைதானத்தை இஐஏ அட்டவணையில தனி இனமாச் சேர்க்கணும். பரப்பு எவ்வளவா இருந்தாலும், வீடு கட்டினாலும் கட்டாட்டியும் மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயம்.

2. நிலத்தடி நீர் மதிப்பீடு குறைஞ்சது ஒரு முழு வருஷம் நடக்கணும். கோடை, மழை ரெண்டும் பார்க்கணும். பம்ப் ஓட்டிப் பார்த்து சுத்தியுள்ள கிணறுகள்ல எவ்வளவு இறங்குதுன்னு அளக்கணும். அளக்கும்போது ஊர்க்காரங்க கூட இருக்கணும்.

3. மாச வாரியா தண்ணி வரவு செலவு, தமிழ்ல, பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒட்டணும்.

4. வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே சுத்தியுள்ள எல்லாக் குடிநீர்க் கிணத்துத் தண்ணியையும் பரிசோதிச்சு பதிவு பண்ணணும். நைட்ரேட், உப்பு, பூச்சிக்கொல்லி மூணும். அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் அளவு இல்லன்னா நாளைக்கு "முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லித் தப்பிச்சிருவாங்க.

5. கழிவுநீர், சேறு, குப்பை, மருந்து டப்பா ஒவ்வொண்ணும் எங்க போகுதுன்னு சர்வே நம்பரோட அறிக்கையில வரணும்.

6. தமிழ்நாடு முழுக்கப் பொருந்துற நிலத்தடி நீர்ச் சட்டம் வேணும். குடிநீருக்கு முதலிடம், அப்புறம் விவசாயம், கேளிக்கைக்குக் கடைசி இடம்.

👉 தோழர்களே, உங்க வேலை

ஷேர் பண்றதோட நிறுத்தாதீங்க. நம்ம ஐடி விங் பசங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், இன்டர்நெட் தெரியும். அதை ஊருக்காகப் பயன்படுத்துங்க.

பரிவேஷ் இணையதளத்துல உங்க தாலுகா பேரைப் போட்டுத் தேடுங்க. டவுன்ஷிப் விண்ணப்பம் இருந்தா அதுல தண்ணி அட்டவணையை எடுங்க. மேல சொன்ன ரெண்டு பெருக்கலைப் போட்டுப் பாருங்க. கணக்கு இடிச்சா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நமக்கு அனுப்புங்க.

ஏற்கனவே அனுமதி வாங்கின திட்டம் உங்க ஊர்ல இருந்தா, அவங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா, ஜூன் 1, டிசம்பர் 1, நிபந்தனை இணக்க அறிக்கை குடுக்கணும். குடுத்தாங்களான்னு ஆர்டிஐ போடுங்க. பத்து ரூபாய்தான் செலவு.

கிராம சபைக்குப் போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருஷத்துக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்னைக்கு "எங்க ஊர் நிலத்தடி நீரைக் கேளிக்கைத் திட்டத்துக்கு எடுக்க அனுமதி இல்லை"ன்னு ஒரு தீர்மானம் போடுங்க. பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்க. எந்த ஓடை எங்க ஓடுச்சு, எந்தக் கிணறு எப்ப வத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ஆலோசகருக்கும் தெரியாது. அதை ரெக்கார்ட் பண்ணி தீர்மானத்தோட இணைங்க.

கோல்ஃப் விளையாடுறவங்க மேல நமக்குக் கோபம் இல்ல. விளையாட்டு விளையாட்டாவே இருக்கட்டும். ஆனா நாலு பேர் பந்தை உருட்டுறதுக்காக நாலாயிரம் பேர் குடத்தை உருட்டிகிட்டு லாரி பின்னாடி ஓடணும்னா, அதுக்குப் பேர் விளையாட்டு கிடையாது.

கணக்கைக் காட்டு. கிணத்தைக் காட்டு. அப்புறம் பேசு.

இந்த மூணு வரியை எந்த மேடையிலயும், எந்த கமெண்ட் பாக்ஸ்லயும் தயங்காம கேளுங்க. நம்ம கட்சி உங்க பின்னாடி நிக்கும்.

#கோல்ஃபுக்கு_முன்_குடிநீர்
#கணக்கைக்காட்டு_கிணத்தைக்காட்டு
#நிலத்தடிநீர்_ஊரின்சொத்து

- தகவல் தொழில்நுட்ப அணி